ஆட்டோ காருக்குக் கிளச் பூட்டிய வாரம்

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஆட்டோ கியர் கார் வைத்திருப்பவரைப் பார்த்தால் நம் ஆண்கள் சிரிப்பார்கள். கிளச் மிதிக்கத் தெரியாதவன், சொகுசுக்காரன் என்று பேச்சு வரும். இன்று கிள்ளானில் என் வீட்டு வரிசையில் நிற்கும் கார்களில் ஒன்றில்கூடக் கிளச் இல்லை. அந்தச் சிரிப்பு எந்த ஆண்டில் நின்றது என்று என்னால் குறிக்க முடியவில்லை. ஆனால் எங்கள் காருக்குக் கிளச் வந்த வாரத்தை நாள் நாளாகச் சொல்ல முடியும். நான் ஐந்தாம் ஆண்டு முடித்திருந்த விடுமுறை. தீபாவளி கழிந்த மூன்றாவது வாரம், திங்கட்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. அப்போது ஒரு பள்ளி நோட்டில் தேதி போட்டு எழுதிவந்தேன். நோட்டு பின்னால் வந்த ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. கிழமைகள் போகவில்லை.

அப்பா இறந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் அவருக்குக் கொடுத்திருந்த ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, அம்மாவும் நானும் கிள்ளானில் பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தோம். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. பின்னறை ஒன்றை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். நாங்கள் கொண்டுவந்தவற்றில் பெரியது அப்பாவின் கார்தான். வெளிர்நீல ஜப்பான் கார். வெயிலில் நின்றால் இருக்கைகளிலிருந்து சுட்ட ரப்பர் வாசனை வரும். காலடியில் இரண்டே பெடல்கள். பிரேக் பெடல் ஒரு செங்கல் அகலம் இருக்கும்.

அம்மா பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பள்ளியும் அங்கேதான். வீடு மாறிய பிறகும் வேலையும் பள்ளியும் மாறவில்லை, கார் இருந்ததால். விடியுமுன் கிளம்புவோம். ஷா ஆலம், சுபாங் ஜெயா, பெட்டாலிங் ஜெயா, பிறகு நகர எல்லையில் சாலைக்கு மேல் நிற்கும் பெரிய வளைவு, அப்புறம் பிரிக்பீல்ட்ஸ். போக ஒரு மணி நேரம், வர ஒன்றேகால். அந்த நேரம் முழுவதும் அம்மா பேசுவார். முந்தின நாள் திருத்திய கல்யாண அழைப்பிதழில் மாப்பிள்ளையின் பெயரும் மாமனாரின் பெயரும் இடம் மாறியிருந்த கதை, அப்பா பெண் பார்க்க வந்த அன்று இரண்டு தடவை காப்பி கேட்டு வாங்கிக் குடித்த கதை. கிள்ளான் வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்ததும் பேச்சும் அணைந்துவிடும். அந்த வீட்டுக்குள் அம்மா பேசிய சொற்களை ஒரு நாளைக்கு என் விரல்களால் எண்ணிவிடலாம். எண்ணியும் இருக்கிறேன்.

இதற்கு ஒரு காரணம் எங்கள் குடும்ப வழக்கம். கணவனின் அண்ணனிடம் தம்பி மனைவி நேருக்கு நேர் பேசமாட்டாள், அவரும் அவளிடம் பேசமாட்டார். இதில் வெறுப்பு ஒன்றுமில்லை, மரியாதை என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அப்பா இருந்தபோது செய்தி அவர் வழியாகப் போகும். அவர் போன பிறகு என் வழியாகப் போயிற்று. ஒரே கூடத்தில் இருவரும் இருப்பார்கள். “மழை வருது, துணி எடுக்கச் சொல்லு பாப்பா” என்பார் பெரியப்பா. நான் இரண்டடி திரும்பி, “அம்மா, துணி எடுக்கணுமாம்” என்பேன். இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும் என்பது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

தீபாவளிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கு அது கடைசி வாரம், ஷா ஆலம் பக்கம் பத்து தீகா என்ற இடத்தருகே மழையில் கார் நின்றது. இன்ஜின் கத்தியது, கார் நகரவில்லை. தீய்ந்த எண்ணெய் நாற்றம் உள்ளே வந்தது. அம்மா கியர் கோலை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். இழுவை லோரி வரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. காருக்குள் அவர் பேசாமல் இருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பெரியப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவருடன் அங்கே இருந்து, பிறகு சொந்தமாகக் கார் ரிப்பேர் செய்ய ஆரம்பித்த ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்தார். கறுத்து ஒல்லியாக, எப்போதும் காதில் ஒரு பென்சிலோடு இருப்பவர். எங்கள் வீடு வரிசையில் கடைசி, பக்கத்தில் காலி இடம் உண்டு. அங்கே தார்ப்பாய் கட்டி, கட்டைகளின் மேல் காரைத் தூக்கி வைத்தார். ஆட்டோ கியர் பாக்ஸ் உள்ளே எரிந்துபோய்விட்டது, திறந்து பயனில்லை என்று சொன்னார்.

ஆஃப் கட் கடை என்றால் கிள்ளான்காரர்களுக்குத் தெரியும். ஜப்பானில் கழித்துவிட்ட கார்களைக் குறுக்கே அறுத்து, முன் பாதியை மட்டும் கப்பலில் அனுப்புவார்கள். இன்ஜின், கியர் பாக்ஸ், ஸ்டியரிங், பெடல் எல்லாம் அதில் இருக்கும். காப்பார் சாலையில் அப்படி ஒரு கடைக்குப் பெரியப்பாவும் மெக்கானிக்கும் அந்தத் திங்கட்கிழமை காலையில் போனார்கள். என்னையும் கூட்டிப்போனார்கள். பாதிக் கார்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒன்றின் டேஷ்போர்டில் யாரோ ஒரு குழந்தை ஒட்டிய முயல் படம் இருந்தது. அந்தக் குழந்தையைப் பற்றி அன்று முழுவதும் யோசித்தேன். எங்கள் கார் ரகத்திலேயே ஒரு முன்பாதி கிடைத்தது, ஆனால் அது மேனுவல். ஆட்டோ வேண்டுமென்றால் ஜனவரி கடைசியில் ஒரு கப்பல் வருகிறது, அதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றார் கடைக்காரர்.

பெரியப்பா அங்கேயே முடிவு செய்துவிட்டார். பள்ளி ஜனவரி தொடக்கத்தில் திறக்கும். அச்சக முதலாளி அதுவரைதான் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் அம்மா ஓட்டக்கூடிய ஒரு கார் வாசலில் நிற்க வேண்டும். இல்லையென்றால் அம்மாவுக்கு வேலை இல்லை, எனக்குக் கிள்ளானில் வேறு பள்ளி. தம்பி மனைவி சிரமப்படக் கூடாது என்று நினைத்துத்தான் அவர் அவசரப்பட்டார். மேனுவல் உழைக்கும், ஆயுசுக்கும் வரும், கூடவே ஓட்டவும் நன்றாகக் கற்றுக்கொள்வாள் என்று வழியெல்லாம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார்.

அம்மா ஏன் ஆட்டோ கார் மட்டும் ஓட்டினார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது தெரியவர முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. நீங்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். அம்மாவின் இடது பாதத்தில் உணர்ச்சி கிடையாது. ஏழு வயதில் காய்ச்சலுக்கு இடுப்பில் போட்ட ஊசி நரம்பில் பட்டுவிட்டது. நடக்க முடியும். ஆனால் கணுக்காலுக்குக் கீழே தரை சுடுகிறதா, குளிர்கிறதா, செருப்பு இருக்கிறதா, கழன்றுவிட்டதா என்று தெரியாது. இடது செருப்பைப் பின்னால் விட்டுவிட்டு அவர் நடந்துபோவதும் நான் எடுத்துக்கொண்டு ஓடுவதும் வாரம் ஒரு முறையாவது நடக்கும். அம்மாவுக்கு ஞாபக மறதி என்றுதான் எல்லாரும் நினைத்தோம். படி உயரமான பஸ்கள் இரண்டு மாறி வேலைக்குப் போக அவர் ஒத்துக்கொள்ளாததைப் பெரியம்மா மேட்டிமை என்று நினைத்தார்.

அப்பாவுக்கு மட்டும் தெரியும். அதனால்தான் சிரித்தவர்களைப் பொருட்படுத்தாமல் ஆட்டோ கார் வாங்கி, எப்படியோ அந்தக் காரிலேயே சோதனையில் ஓட்டிக் காட்டவைத்து லைசென்ஸும் எடுத்துக் கொடுத்தார். எப்படி என்று எனக்குத் தெரியாது. மற்றவர்களிடம் சொல்லாததற்கு அம்மாவிடம் வலுவான காரணம் இருந்தது. பாதம் மரத்துப்போயிருக்கிறது என்றால் அந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஒரே நோய்தான் நினைவுக்கு வரும், தொழுநோய். அந்தப் பேச்சு ஒரு முறை எழுந்துவிட்டால் பிள்ளையைத் தனிப் பாயில் படுக்கவைப்பார்கள், அம்மாவின் தட்டைத் தனியாக வைப்பார்கள், பிறகு அவரை எங்கேயாவது அனுப்பிவைப்பார்கள். புருஷன் இல்லாத வீட்டில் நின்று இதைச் சொல்ல அம்மாவுக்குத் துணிவு வேண்டியிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை மாலை அவருக்கு அந்தத் துணிவு வந்தது. முடிவைக் கேள்விப்பட்டதும் என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“பெரியப்பாகிட்ட போய்ச் சொல்லு. கப்பல் வர்ற வரைக்கும் இருக்கட்டும், எனக்கு ஆட்டோதான் வேணும்னு சொல்லு. காரணம் இருக்கு, பெரியம்மா என்னை வந்து கேட்டா சொல்றேன்னு சொல்லு. ரெண்டையும் சொல்லணும். என்ன சொல்லுவே?”

நான் இரண்டையும் திருப்பிச் சொன்னேன். தலையைத் தடவி அனுப்பினார்.

தார்ப்பாய்க்கு அடியில் பெரியப்பா டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் காருக்கு அடியில் இருந்தார், கால்கள் மட்டும் தெரிந்தன. அன்று முழுவதும் அவர்கள் என்னிடம் பிரியமாக இருந்தார்கள். ஸ்பேனர் எண்களைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். விடுமுறையில் பேச ஆளில்லாமல் சுவரோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தவளுக்கு அது பெரிய விஷயம். நான் போய், அம்மாவுக்கு ஆட்டோதான் வேணுமாம், கப்பல் வர்ற வரைக்கும் இருக்கட்டுமாம் என்றேன்.

பெரியப்பா டார்ச்சைத் தாழ்த்தினார். “ஏனாம்?”

இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். பெரியம்மா வந்து கேட்டால் சொல்வாராம் என்று சொல்வது எனக்கு ஏதோ சண்டைக்குக் கூப்பிடுவது போலத் தோன்றியது. அவர்கள் முகம் மாறிவிடும், வேலை நின்றுவிடும், டார்ச்சும் ஸ்பேனரும் போய்விடும். சுலபமான ஒரு பதில் வாயில் வந்தது.

“அம்மாவுக்குக் கிளச்னா பயமாம்.”

காருக்கு அடியிலிருந்து சிரிப்பு வந்தது. “பயமா? என் வீட்டுக்காரி லோரியே ஓட்டுவா லா, அண்ணே. ரெண்டு நாள் ஓட்டினா எல்லாம் சரியாயிடும்.”

பெரியப்பாவும் சிரித்தார். ஆனால் இளக்காரமாக அல்ல. அவருக்கு ஒரு பாரம் குறைந்ததுபோல இருந்தது. “பயப்பட வேணாம்னு சொல்லு. நான் பக்கத்துல இருந்து கத்துக் கொடுக்கறேன்னு சொல்லு.”

அம்மா கதவருகிலேயே நின்றிருந்தார். “ரெண்டையும் சொன்னியா?” என்று கேட்டார். சொன்னேன் என்றேன். “என்ன சொன்னார்?” பெரியப்பா சரி என்று சொன்னதாகச் சொன்னேன். அதோடு விளையாடப் போய்விட்டேன்.

செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாட்களும் வேலை நடந்தது, மத்தியானம் மழை பெய்யும் நேரம் தவிர. பழைய கியர் பாக்ஸை இறக்கியபோது சிவப்பு எண்ணெய் ஒரு தட்டு நிறைய வடிந்தது. அதன் முன்னால் இருந்த, பூசணிக்காய் போன்ற ஒரு இரும்பு உருண்டையையும் கழற்றினார்கள். அது இருந்த இடத்தில் ஆஃப் கட்டிலிருந்து எடுத்த, ஃபிளைவீல் என்ற கனத்த இரும்புச் சக்கரத்தைப் பூட்டி, அதன் மேல் புதுக் கிளச் பிளேட்டை வைத்தார்கள். பிளேட் நடுவில் சரியாக உட்காராவிட்டால் கியர் பாக்ஸின் தண்டு உள்ளே நுழையாது. அதற்கென்று ஒரு கருவி உண்டாம். மெக்கானிக்கிடம் அது இல்லை. ஒரு விளக்குமாற்றுக் கட்டையை அறுத்து, கறுப்பு டேப்பைச் சுற்றிச் சுற்றித் தேவையான பருமனுக்குக் கொண்டுவந்து, ஓட்டைக்குள் விட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அந்தக் கட்டையை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கை வலித்தும் அசையாமல் நின்றேன்.

கார் கட்டைகளின் மேல் நின்ற இடத்துக்கு நேரே அடுப்படி ஜன்னல். அந்த மூன்று நாளும் அம்மா அங்கேயேதான் இருந்தார். சமையல் முடிந்த பிறகும் வெளியே வரவில்லை. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தார், பிறகு நிமிர்த்தித் துடைத்தார். பெரியம்மா வந்து இடியாப்பத்துக்கு மாவு சலித்துவிட்டுப் போனார். வெங்காயம் எடுக்க வந்தார். தொலைபேசியில் யாரிடமோ, எங்க வீட்டுல கார்கூடப் புதுசா மாப்பிள்ளை கோலம் போடுது என்று சொல்லிச் சிரித்தார். அம்மா ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பெடல் மாற்றினார்கள். அகலமான பிரேக் பெடலைக் கழற்றிப் புல்லில் போட்டார்கள். கிளச்சுக்காக முன் தகட்டில் துளை போட வேண்டும். டிரில் மெஷின் தகட்டில் இறங்கிய சத்தம் தெருக் கோடி வரை கேட்டது. அதற்கு முன்புவரை மனம் மாறினால் எல்லாவற்றையும் திரும்ப மாட்டியிருக்கலாம். சத்தம் நின்றதும் அடுப்படி ஜன்னலைப் பார்த்தேன். அம்மா அங்கே இல்லை.

மீதியைப் பூட்டி முடிக்க வெள்ளியும் சனியும் ஆயின. ஞாயிறு காலை வெள்ளோட்டம். பெரியம்மா நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் சூடம் காட்டினார். அக்கம்பக்கத்திலிருந்து நான்கைந்து பேர் வந்திருந்தார்கள். அம்மா வெளுத்த சேலையில் வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். பக்கத்தில் பெரியப்பா. பின்னால் நடுவில் நான், ஏனென்றால் நான் இல்லாமல் பாடம் நடக்காது.

பெரியப்பா முன் கண்ணாடியைப் பார்த்துச் சொல்வார், “கிளச்ச முழுசா மிதிக்கச் சொல்லு.” நான் சொல்வேன், “முழுசா மிதிக்கணுமாம்மா.” “இப்ப மெதுவா விடச் சொல்லு.” “மெதுவா விடணுமாம்.” நான் சொல்லி முடிப்பதற்குள் கார் ஒரு குதி குதித்து அணைந்துவிடும். மூன்று முறை அணைந்தது. வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். “கார் வச்சிருந்தா மட்டும் போதுமா, ஓட்டணும்ல” என்றார் பெரியம்மா, வாசலில் சூடத் தட்டோடு.

பின்னாலிருந்து எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. அம்மா சாலையைப் பார்க்கவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் முறை கார் அணையவில்லை. கேட்டைத் தாண்டியதும் அம்மா நிமிர்ந்து சாலையைப் பார்த்தார். “இப்ப கிளச்ச மிதிக்கச் சொல்லு” என்றார் பெரியப்பா. நான் சொன்னேன். அம்மா மிதித்தார். பெடலின் மேல் கால் இல்லை, அதற்குப் பக்கத்தில் இருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. கார் சாலையைக் குறுக்கே கடந்து, எதிர்வீட்டுக் கால்வாயில் முன்சக்கரத்தை இறக்கிச் சாய்ந்து நின்றது.

யாருக்கும் அடி இல்லை. பிறகு பெரியப்பா செய்ததை அவர் அதுவரை செய்ததே இல்லை. தலையைத் திருப்பி, அம்மாவைப் பார்த்து, அம்மாவிடமே கேட்டார்.

“ஏம்மா, அவ்வளவு பயமா?”

ஓடி வந்த மெக்கானிக் கார்க் கதவருகே நின்றார். பெரியம்மாவும் வந்திருந்தார். அம்மா பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ஆமாங்க. பயம்தான்.”

ஜனவரியில் நான் கிள்ளான் பள்ளியில் சேர்ந்தேன். அம்மா வேலையை விட்டுவிட்டுப் பின்னறையில் ரவிக்கை தைக்க ஆரம்பித்தார். பள்ளிக்கு நடந்துபோய் நடந்துவந்தேன், பன்னிரண்டு நிமிடம். பிரிக்பீல்ட்ஸ் தோழிகள் இருவர் கொஞ்ச நாள் கடிதம் போட்டார்கள். அம்மாவிடம் நான் கேட்டதற்குப் பதில் வரும், அவ்வளவுதான். தைத்துக்கொண்டே, வாயில் குண்டூசிகளோடு. பயந்து வேலையை விட்டவர் என்று அவர்மீது எனக்குக் கோபம் இருந்தது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தவளே நான்தான் என்பதை மறந்துவிட்டுக் கோபப்பட்டேன். பிள்ளைகளுக்கு அது முடியும்.

பெரியப்பா கால்வாயில் நசுங்கிய மூலையைச் சரிசெய்து, ஞாயிறுதோறும் காரைக் கழுவி, ஸ்டார்ட் செய்து வைப்பார். தம்பி மனைவிக்குப் பயம் தெளியும் என்று ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார். பிறகு சுபாங் ஜெயாவில் ஒருவருக்கு விற்றார். பெரியப்பா இறக்கும்வரை அம்மாவைப் பயந்த சுபாவம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார், அன்போடு.

அம்மாவின் கடைசி ஆண்டுகளில், சர்க்கரை நோய்க்காகத் தாதி ஒருவர் பாதத்தில் ஊசி முனையால் தொட்டுப் பார்த்தபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. இடது கால் ஏழு வயதிலிருந்தே இப்படித்தான் என்றார் அம்மா, வீட்டு முகவரி சொல்வது போல. வீட்டுக்கு வந்த பிறகு, ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லத்தான் இருந்தேன். சரின்னாரே, ஏன் வேலை நிக்கலன்னு புரியல. காரணத்தக் கேட்டா நிப்பாட்டுவாங்கன்னு மூணு நாள் அடுப்படியிலேயே நின்னேன், உன் பெரியம்மா வந்து கேப்பாங்கன்னு. கேக்கல. கேட்டா ஏதாவது பொறுப்பு வந்துடும்னு ஒதுங்கிட்டாங்க போல. சரின்னு விட்டுட்டேன்.”

முப்பது வருடங்களுக்கு மேல் அவர் அப்படித்தான் நம்பியிருந்தார். பெரியம்மாவுக்கு அந்தச் செய்தி போகவே இல்லை என்பதைச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். நான்கு மாதத்தில் அம்மா போய்விட்டார்.

பெரியம்மா இருக்கிறார். தொண்ணூறை நெருங்கிவிட்டார், நினைவு தெளிவாக இருக்கிறது. போன மாதம், இரண்டாவது சனிக்கிழமை, போயிருந்தேன். பேச்சு அம்மாவைப் பற்றி வந்தது. “ஒரே வீட்டுல இருந்தோம். ஒரு நாளும் என்கிட்ட மனசு விட்டுப் பேசினதில்ல உங்கம்மா. நான் என்ன பண்ணினேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல” என்றார்.

அன்று எல்லாவற்றையும் சொன்னேன். பாதத்தைப் பற்றி, பின்னறையில் என்னிடம் சொல்லி அனுப்பிய இரண்டு வாக்கியங்களைப் பற்றி, நான் விழுங்கிய ஒன்றைப் பற்றி. மூன்று நாள் அடுப்படியில் நின்றதையும் சொன்னேன்.

“கேட்டிருப்பேனே” என்றார் பெரியம்மா.

வெளியே யாரோ காரைப் பின்னால் எடுத்தார்கள். அது போகும்வரை இருந்துவிட்டு, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி, “கேட்டிருப்பேன்ல?” என்றார்.